ரேகை பதியவில்லை

சனிக்கிழமை ராத்திரி சிம்மக்கல்லில்
அச்சகத்து மாடியில் படம் போடுவார்கள்.
எட்டு முழ வேட்டிதான் திரை.
இருபது நாற்காலி, ஒன்பது பேர்.
பாதிப் படத்தில் கீழே எந்திரம் ஓடத் தொடங்கும்:
யார் வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையோ
ஆப்பிரிக்கக் காட்டுக்குள் தடதடக்கும்.
முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம்
எழுதிக் கொடுத்துவிட்டு இறங்க வேண்டும்.
அதுதான் கட்டணம்.

முதல் வாரம் எழுதியது:
சதுப்பு நிலம். இடுப்பளவுத் தண்ணீர்.
துப்பாக்கியைத் தலைக்கு மேல் பிடித்துப் போகிறார்கள்.
ஒலி மோசம். பேச்சு போர்ச்சுக்கீசு.
கீழே ஓடும் எழுத்து வேட்டி மடிப்பில் ஒடிந்துவிட்டது.
ஆனால் ஒருத்தி நாற்று நடுகிறாள்,
விமானச் சத்தம் கேட்டும் நிமிரவில்லை,
பிடித்த வரிசையை முடித்துவிட்டுத்தான் ஓடுகிறாள்.
அதற்காகப் பார்க்கலாம்.

இரண்டாவது பிடிக்கவில்லை.
கறுப்பர்கள் செத்ததற்கு
வெள்ளைக்காரர் ஒருவர்
இரண்டு மணி நேரம் வருத்தப்பட்டார்.

மூன்றாவது மலைநாட்டுப் படம்.
கழுத்தில் தகரக் குப்பி தொங்க
ஆண்கள் வரிசையில் நிற்கிறார்கள்.
குப்பிக்குள் மடித்த தாள்.
தாளில் இவன் பெயர், முதலாளி பெயர், விரல் ரேகை.
அது இல்லாமல் சாலையில் நடந்தால் சிறை.
துரை ஒருவன் கிழவரின் கட்டைவிரலைப் பிடித்து
மையில் உருட்டுகிறான்,
மாட்டுக்கு லாடம் கட்டுகிறவன் பதனத்தோடு.

இங்கே பேனாவை மூடிவிட்டேன்.
கொஞ்ச நேரம் கழித்துத்தான் திறந்தேன்.

உசிலம்பட்டி இ-சேவை மையத்தில் எனக்கு வேலை.
நாளைக்கு அறுபது எழுபது விரல் பிடிக்கிறேன்.
களை பறித்துத் தேய்ந்தது, சுண்ணாம்பு அரித்தது,
செங்கல் சூளையில் வழவழத்துப் போனது.
ரேகை பதியவில்லை, மீண்டும் முயற்சிக்கவும்
என்று திரையில் வரும்.
"நல்லாத் தொடச்சிட்டு வைங்க" என்பேன்,
ஏதோ அவர்கள் செய்த தப்பு மாதிரி.

எங்கள் பக்கம் ரேகைச் சட்டம் இருந்தது.
பொழுது சாய்ந்தால் ஆண்பிள்ளைகள்
போலீஸ் கண் முன்னால் போய்ப் படுக்க வேண்டும்.
பெருங்காமநல்லூரில் கை நீட்ட மறுத்தவர்களைச் சுட்டார்கள்.
வருசா வருசம் மாலை போட
சாதிச் சங்கத்து வேனில் போகிறேன்.

அதையும் எழுதினேன். பக்கம் போதாமல்
ஓரத்தில் செங்குத்தாக எழுதினேன்.
கடைசி வரி: இது எங்கள் படம்.

வாங்கிப் படித்தவர் செந்தாமரை.
பெரியாஸ்பத்திரியில் செவிலியர், மேலூர்ப் பக்கம்.
"எங்கள்னா யாரு சார்?"
கோபமில்லை. ஊசி குத்த நரம்பு தேடுகிற நிதானம்.
"அந்தக் கெழவருக்கும் உங்களுக்கும் ஒரே ரேகை, சரி.
உங்க ஊரு டீக்கடையில எங்காளுக எங்க நின்னு குடிக்கிறாங்க?
அடுத்த பத்தியில அதையும் எழுதிருங்க."
நாற்காலியை மடித்துச் சுவரில் சாத்தினார்.
"எல்லாப் படமும் கொடி ஏத்துன எடத்துல முடிஞ்சுபோகுது.
மறுநாள் காலையில யாரு எங்க உக்காந்தாங்கன்னு
ஒருத்தனும் எடுக்கறதில்ல."

கீழே எந்திரம் எப்போது நின்றதென்று தெரியவில்லை.

ஆரப்பாளையத்தில் பத்தரை வண்டி.
செக்கானூரணி தாண்டித்தான் உட்கார இடம் கிடைத்தது.
மாமா கடையில் இப்போது எல்லோருக்கும் காகிதக் கப்.
"பிரச்சினையே இல்ல மாப்ள" என்பார்.
கப் ஒன்றுதான்.
பெஞ்சு இரண்டு ஆள் நீளம் காலியாகக் கிடக்கும்,
காலனி ஆட்கள் புளியமரத்தடியில் நின்று குடிப்பார்கள்.
முப்பத்திரண்டு வயதாகிறது எனக்கு.
அந்த பெஞ்சில்தான் வீட்டுப்பாடம் எழுதினேன்.

திங்கட்கிழமை முதல் ஆள் மொக்கையன்,
காலனியிலிருந்து, பென்சன் விசயமாக.
நாலு தடவை வைத்தும் ரேகை விழவில்லை.
ஐந்தாவது தடவை அவர் விரலை நானே பிடித்து அழுத்தினேன்.
அப்போதுதான் பார்த்தேன்,
என் கை பிடித்திருந்த விதத்தை.

எழுதிய பக்கத்தைத் திருப்பி வாங்கி வந்திருந்தேன்.
'எங்கள்' மேல் கோடு போட்டேன்.
அந்த இடத்துக்கு வேறு சொல் வரவில்லை.

அடுத்த சனி நான்காவது படம்.
அதுவும் கொடியேற்றம்தான்,
வாத்தியம், கூட்டம், அழுகிற முகங்கள்.
விளக்கைப் போட்டுவிட்டார்கள்.
நான் எழுந்திருக்காமல்
வெறும் வேட்டியைப் பார்த்தபடி இருந்தேன்,
மறுநாள் காலை ஏதும் தெரிகிறதா என்று.